அரை மணித்தியாலம் நிப்பாட்டாதேங்கோ

ஏழேகாலுக்கு ரிமோட்டை அமத்தினேன்.
ஒருதரம் கத்திக் கண் சிமிட்டுகிற கார்
முருங்கைக்குக் கீழே, முதுகெல்லாம் பூவோடு
சும்மா நின்றது.
கிட்டப்போய் அமத்தினேன்.
ஜெறாட் வாங்கிச் சாரத்தில் துடைத்து
வானத்தைப் பார்த்து அமத்தினான்.
பிறகு இருவருக்கும் விளங்கிவிட்டது.
ஒருவரும் சொல்லவில்லை.

நேற்றிரவு பதினொன்றரைக்கு
ஒன்பது பேர் படுக்கிற வீட்டிலிருந்து
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு இதற்குள் வந்தோம்.
பூட்டக்கூடியதாக எங்களிடம் இருக்கிற ஒரே அறை.
லீசிங்கில் எடுத்த அறை,
இன்னும் முப்பத்தொரு மாதம் கட்டவேணும்.
மேலே அந்தச் சின்ன வெளிச்சத்தைப் போட்டு
ஸ்கான் ரிப்போட்டை மூன்றுதரம் வாசித்தோம்,
நான் சொற்களை, அவன் இலக்கங்களை.
மடித்து டாஷ்போட்டுக்குள் தள்ளிவிட்டு
விளங்கியவர்கள்போல இறங்கிப் போனோம்.
வெளிச்சம் இறங்கி வரவில்லை.
விடியும்வரை இரண்டு வெறும் சீற்றுக்கு மேலே
எரிந்திருக்கிறது.
கடலுக்குப் போனவர்கள் யாரும் கண்டிருக்கலாம்.

ரிப்போட் உள்ளே. கிளினிக் ஒன்பதுக்கு.

பொனற்றைத் திறந்தால் பற்றரி.
பொனற்றைத் திறக்கிற பிடி உள்ளே.
உள்ளே போகக் கதவு வேணும்.
கதவுக்குப் பற்றரி வேணும்.
பற்றரி பொனற்றுக்குள்.
ஜெறாட் இதை விரல் மடக்கிச் சொல்லிச் சொல்லிக்
காரை இரண்டுதரம் சுற்றினான்.

குருநகரில் ஒரு கார் திறக்காவிட்டால்
ஒழுங்கைக்கே லீவு.
அடிமட்டம் வந்தது, குடைக்கம்பி வந்தது.
கடலால் வந்த சவிரிமுத்து ஈரக் கையோடு
தங்கூசியில் சுருக்கு முடிந்து
ரப்பர் இடுக்கால் இறக்கினார்.
மீன் என்றால் வந்திருக்கும்.
"முந்தின கார் எண்டால் குமிழ் நிக்கும், கொழுவி இழுக்கலாம்.
இதில பிடிக்க ஒண்டும் இல்லையே பிள்ளை."
கண்ணாடியை உடைக்கச் சொன்ன பெடியன்
கல்லோடுதான் வந்திருந்தான்.

கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன்.
டாஷ்போட் மூடிக்கு வெளியே
கடிதாசியின் வெள்ளை மூலை, ஒரு விரல் அளவு.
மற்றவர்கள் பார்க்காதபடி
அந்த இடத்தில் என் நிழலை நிறுத்தினேன்.

ஓட்டோவை நிப்பாட்டி இறங்கினாள் மெற்றில்டா.
"திறப்பைத் தாங்கோ."
"திறப்பில்லை, ரிமோட்."
"தாங்கோவன்."
நான் அலங்காரம் என்று நினைத்திருந்த
பொட்டளவு பித்தானை நகத்தால் தள்ளி
அந்தப் பிளாஸ்ரிக்கின் வயிற்றிலிருந்து உருவினாள்
மெல்லிய இரும்புத் திறப்பொன்றை.
இரண்டு வருடம் என் கைப்பைக்குள்ளேயே கிடந்து
வங்கிக்கும் பூசைக்கும் என்னோடு வந்திருக்கிறது.

கைபிடி ஓரம் ஒரு மூடி. மூடிக்குள் துவாரம்,
அலுமாரிக்கு இருக்கிறதுபோல் வெறும் துவாரம்.
திருப்பினாள். டக்.
கார் கத்தவில்லை.
கத்த அதனிடம் ஒன்றும் இல்லை.
சனம் கொஞ்சம் ஏமாந்துதான் போனது.
பெடியன் கல்லை ஒருதரம் பார்த்துவிட்டு
மதிலுக்கு மேலால் எறிந்தான்.

முதலில் கடிதாசியை எடுத்துச் சட்டைக்குள் வைத்தேன்.
பிறகுதான் பொனற்.
சிவப்பு வயர், கறுப்பு வயர்.
இருமி, இருமி, மூன்றாவதில்
மூன்று சில்லு நாலு சில்லை எழுப்பியது.

காசு வேண்டாம் என்று மெற்றில்டா சொல்லவில்லை.
ஐந்நூறை மடித்துக்கொண்டே சொன்னாள்:
"அரை மணித்தியாலம் நிப்பாட்டாதேங்கோ.
எங்கையாவது ஓடுங்கோ.
நிப்பாட்டினால் திரும்ப எழும்பாது."

ஆஸ்பத்திரி எங்களுக்கு ஆறு நிமிடம்.

கேற்றடியில் ஜெறாட் மெதுவாக்கினான்,
கடந்தான்.
கோட்டையைச் சுற்றிப் பண்ணைப் பாலத்தில் ஏறினோம்.
இரண்டு பக்கமும் இடுப்பளவு தண்ணி,
அதற்குள் நின்று வலை இழுக்கிற ஆட்கள்.
சட்டைக்குள் கடிதாசி வியர்வையில் ஒட்டியது.
மேலே அந்தச் சின்ன வெளிச்சம்
வெயிலில் எடுபடாமல் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
அணைக்கக் கையை உயர்த்தினேன்.
"இருக்கட்டும்" என்றான்.

காரின் மணிக்கூடு செத்து எழும்பிப்
பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தது.
12:12 என்றது.
இன்னும் பதினெட்டு நிமிடம்.